கண்ணாடிப் பெட்டிக்குள் கேட்கும் குரல்: குறைமாதக் குழந்தைக்குப் பெற்றோர் தரும் முதல் மருந்து

பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் தாயின் மடியில் இல்லை. தாய் பிரசவ வார்டில் படுத்திருக்கிறாள். பிள்ளையோ தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே கிடக்கிறது. அப்பாதான் முதலில் போய்ப் பார்க்கிறார். கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டுகிறார். உறவினர்கள் அழைத்து "ஆணா, பெண்ணா?" என்று கேட்பதற்கு முன்பே "எத்தனை கிலோ?" என்று கேட்கிறார்கள்.

குறைமாதத்தில் பிள்ளை பெற்ற பல குடும்பங்களின் முதல் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. பினாங்கில் ஜோர்ஜ்டவுன் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை, பெருநிலத்தில் உள்ள செபராங் ஜெயா மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில்தான் இத்தகைய குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. தாய் சில நாள்களில் வீடு திரும்பிவிடுவாள். பிள்ளை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். பொதுவாக, முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியை ஒட்டித்தான் குறைமாதக் குழந்தைகள் வீட்டுக்கு வருகின்றன.

இந்த இடைவெளியில்தான் பெற்றோர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: "டாக்டரும் தாதியும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நாம் போய் என்ன செய்யப் போகிறோம்?" தோட்டத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வர வேண்டிய குடும்பத்துக்கும், பாலம் கடந்தோ ஃபெரி ஏறியோ தீவுக்கு வரும் குடும்பத்துக்கும் இது காசும் நேரமும் சேர்ந்த கேள்வி. மருத்துவ உலகம் கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்குத் தெளிவான பதிலைக் கண்டிருக்கிறது. பெற்றோரின் குரலும் தோலின் சூடும் குழந்தையின் சிகிச்சையில் ஒரு பகுதி. அதை வேறு யாராலும் கொடுக்க முடியாது.

குறைமாதம் என்பது எது?

தாயின் வயிற்றில் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பவை ஓரளவு முதிர்ந்தவை. 28 முதல் 32 வாரத்துக்குள் பிறப்பவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பே பிறப்பவையே மிகவும் நலிந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது, ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளில் ஒன்று. ஆண்டுதோறும் நவம்பர் 17ஆம் தேதி உலகக் குறைமாதக் குழந்தைகள் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

இரட்டைக் குழந்தை, தாய்க்கு உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கிருமித் தொற்று, பனிக்குடம் முன்கூட்டியே உடைதல் எனக் காரணங்கள் பல. பல தாய்மார்களுக்குக் காரணமே தெரியாமலும் போகும். "வேலைக்குப் போனாள், மாடிப்படி ஏறினாள், அதனால்தான்" என்று தாயைக் குற்றம் சொல்வது பிள்ளைக்கும் உதவாது, தாய்க்கும் உதவாது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

முதன்முறை உள்ளே போகும் பெற்றோர் பயப்படுவது கருவிகளைக் கண்டுதான். எது எதற்கு என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டி குழந்தையின் உடல் சூட்டைக் காக்கிறது. தோலுக்கு அடியில் போதிய கொழுப்பு இல்லாததால் குறைமாதக் குழந்தை சீக்கிரமே குளிர்ந்துபோகும். மூக்கில் செருகியிருக்கும் குழாய் நுரையீரல் சுருங்கிவிடாமல் காற்றழுத்தம் கொடுக்கிறது. இன்னும் நலிந்த குழந்தைக்கு மூச்சுக் கருவியே மூச்சு விட உதவுகிறது. வாய் அல்லது மூக்கு வழியாக வயிற்றுக்குள் போகும் மெல்லிய குழாய் பால் கொடுப்பதற்காக. 34 வாரத்தை நெருங்கும்வரை பல குழந்தைகளுக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யத் தெரியாது. மார்பிலும் காலிலும் ஒட்டியிருக்கும் கம்பிகள் இதயத் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் திரையில் காட்டுகின்றன. நீல விளக்கு மஞ்சள் காமாலைக்கு.

திரையில் மணி அடித்தால் உடனே ஆபத்து என்று பொருள் இல்லை. குறைமாதக் குழந்தைகள் சில விநாடி மூச்சு விட மறந்துவிடுவதுண்டு. குழந்தை காலை உதறியதில் கம்பி நழுவியும் இருக்கலாம். தாதி திரையைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதைப் பெற்றோர் கவனிக்கலாம். அந்தப் பழக்கத்தைத் தாங்களும் கற்றுக்கொள்வது நல்லது.

காது எப்போது கேட்கத் தொடங்குகிறது?

வயிற்றில் ஏறத்தாழ 24 வாரம் ஆகும்போது குழந்தையின் உட்காது உருவாகிவிடுகிறது. அடுத்த சில வாரங்களில் அது ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. கருப்பைக்குள் வெளி ஓசைகள் மங்கிப் போகும். ஆனால் தாயின் குரல் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. அவள் உடலின் எலும்பும் தசையும் அதைக் கடத்துகின்றன. அதனால் அது தெளிவாகவே கேட்கிறது. சொல்லின் பொருள் புரியாது. ஏற்ற இறக்கமும் தாளமும் பதிந்துவிடும்.

1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தோணி டிகேஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், சூப்பும் வேகத்தை மாற்றினால் தாயின் குரலைக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. குழந்தைகள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலைத் தேடித்தான் வேகத்தை மாற்றின. தாயின் குரலைக் குழந்தை வயிற்றிலேயே அறிந்துகொண்டு வருகிறது என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

குறைமாதக் குழந்தைக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தை இன்னும் 12 வாரம் அம்மாவின் குரலையும் இதயத் துடிப்பையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கருவிகளின் மணியையும் பெட்டிக் கதவு சாத்தும் சத்தத்தையும் கேட்கிறது.

ஆய்வுகள் காட்டியவை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மெலிண்டா காஸ்கியும் அவர் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளின் அருகே சிறிய ஒலிப்பதிவுக் கருவி வைத்து நாள் முழுதும் பதிவு செய்தார்கள். 2011இல் வெளியான முடிவுகள் பலரை வியக்கவைத்தன. 32 வாரக் குழந்தையே, அதாவது பிறக்க வேண்டிய தேதிக்கு எட்டு வாரம் முன்பே, சிறு சிறு ஒலி எழுப்புகிறது. பெற்றோர் அருகில் இருக்கும்போது அந்த ஒலிகள் அதிகமாகின்றன. 2014இல் வெளியான தொடர் ஆய்வில், சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது பெரியவர்களின் பேச்சை அதிகம் கேட்ட குழந்தைகள், 18 மாத வயதில் மொழித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள்.

பாஸ்டன் நகரில் அமிர் லஹாவ் குழுவினர், 25 முதல் 32 வாரத்துக்குள் பிறந்த 40 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக்குத் தாயின் குரலும் இதயத் துடிப்பும் பதிவு செய்யப்பட்டு நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்கவைக்கப்பட்டன. மற்றப் பிரிவுக்கு வழக்கமான மருத்துவமனை ஓசைகள் மட்டும். ஒரு மாதத்தில் எடுத்த ஸ்கேனில், தாயின் குரலைக் கேட்ட குழந்தைகளுக்கு மூளையில் ஒலியை அறியும் பகுதி பெரிதாக இருந்தது. 2015இல் வெளியான இந்த ஆய்வு மூளையின் வளர்ச்சியைத்தான் அளந்தது. பிற்காலப் பேச்சு இதனால் மேம்படும் என்று அது உறுதி சொல்லவில்லை.

குத்தி ரத்தம் எடுக்கும் நேரத்தைப் பற்றியது இன்னோர் ஆய்வு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனுவேலா ஃபிலிப்பாவும் குழுவினரும் இத்தாலியில் உள்ள ஒரு மருத்துவமனையில் 20 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்தார்கள். குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது தாய் அருகில் நின்று பேசினால், குழந்தையின் வலிக்கான அறிகுறிகள் குறைந்தன. பாசத்தோடும் நிம்மதியோடும் தொடர்புடைய ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனின் அளவு கூடியது. 2021இல் இது வெளியானது.

இவற்றில் பல சிறிய ஆய்வுகள். குரல் ஒன்றே நோயைக் குணப்படுத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

அமைதி மட்டும் போதாது

குறைமாதக் குழந்தைக்கு இரைச்சல் ஆகாது. சிகிச்சைப் பிரிவில் ஓசை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இலேயே அறிவுறுத்தியது. அமைதியான அறையில் மெதுவாகப் பேசும் அளவுக்கும் குறைவு அது. எனவே, குழந்தைகளைத் தனித்தனி அறையில் வைத்தால் நல்லது என்ற எண்ணம் பல நாடுகளில் பரவியது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரொபர்ட்டா பினேடா குழுவினர் இதைச் சோதித்தபோது எதிர்பாராத முடிவு கிடைத்தது. தனி அறையில் இருந்த குறைமாதக் குழந்தைகள், பொது வார்டில் இருந்தவர்களைவிட இரண்டு வயதில் மொழித் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். அங்கே பெற்றோர் அடிக்கடி வந்து போக இயலவில்லை. அதனால் தனி அறை என்பது பேச்சே இல்லாத அறையாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2014இல் வந்த இந்த ஆய்வு சொல்லும் செய்தி எளிது. இரைச்சலைக் குறைக்க வேண்டும். மனிதக் குரலைக் குறைக்கக் கூடாது.

நெஞ்சோடு நெஞ்சு வைக்கும் முறை

குரல் சேர வேண்டிய சிறந்த இடம் பெற்றோரின் நெஞ்சு. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், 1970களின் இறுதியில், அரசு மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைத்ததால் கிருமித் தொற்றில் குழந்தைகள் இறந்தன. டாக்டர் எட்கார் ரேயும் டாக்டர் ஹெக்டர் மார்ட்டினெஸும் ஒரு வழி கண்டார்கள். குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில், தோலோடு தோல் ஒட்டிக் கட்டிவைத்தார்கள். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்ற இந்த முறைக்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது.

ஏழை மருத்துவமனையின் மாற்று வழியாகத் தொடங்கியது இன்று உலகச் சிகிச்சை முறையாகிவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. இந்தியாவில் புதுடில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கேற்றது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனே கங்காரு பராமரிப்புத் தொடங்கியபோது, முதல் 28 நாளில் இறப்பு விகிதம் 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. இதை ஒட்டி உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் தன் பரிந்துரையை மாற்றியது. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை, கூடியவரை அதிக நேரம், குழந்தை நெஞ்சில் இருப்பது நல்லது என்றும், குடும்பத்தினரைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது.

அவ்வளவு நேரம் முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மலேசியாவில் பேராசிரியர் பூ நெம் யுன் உள்ளிட்டோர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே நெஞ்சில் வைக்கப்பட்ட மிகக் குறைந்த எடைக் குழந்தைகளுக்கும் தலைச் சுற்றளவு நன்றாக வளர்ந்தது. வீடு திரும்பும்போது தாய்ப்பால் குடிப்பவர்களும் அதிகம் இருந்தார்கள்.

குழந்தை நெஞ்சில் இருக்கும்போது, இதயத் துடிப்பு, மூச்சு, உடல் சூடு, வாசனை, குரல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தகப்பனின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும்.

நம் வழக்கத்தில் இருப்பதும், இடிப்பதும்

குழந்தையின் காதில் குரல் சேர வேண்டும் என்பதைத் தமிழருக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாலாட்டு என்ற சொல்லிலேயே தால், அதாவது நாக்கு இருக்கிறது. நாவை ஆட்டிப் பாடுவதால் அது தாலாட்டு. பெயர் சூட்டும் நாளில் பெரியவர்கள் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் வழக்கம் இந்துக் குடும்பங்களில் உண்டு. பினாங்கின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த குழந்தையின் காதில் பாங்கு ஓதுகிறார்கள். தோட்டத்தில் வெட்டுக்குப் போன தாய்மார்கள் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்ற காலத்திலும், தொட்டிலை ஆட்டிய ஆயாவின் பாட்டு பிள்ளையின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இடிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. பிரசவித்தவள் பச்சை உடம்புக்காரி. முப்பது நாள், நாற்பது நாள் வெளியே போகக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கட்டுப்பாடு. தாயின் உடல் தேற ஓய்வு வேண்டும் என்ற அக்கறையில் வந்தது அது. பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்தது. பிள்ளை மருத்துவமனையில் இருக்கும்போது அதே கட்டுப்பாடு இருவரையும் பிரித்துவிடுகிறது. நாற்பது நாள் என்பது சில குழந்தைகளுக்குச் சிகிச்சைக் காலம் முழுவதுமே.

இதை வீட்டில் சண்டையாக்காமல் தீர்க்க வழி உண்டு. மாமியாரையோ அம்மாவையோ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தாதியோ டாக்டரோ விளக்கினால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். அறுவை செய்து பிரசவித்தவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்லலாம். பத்தியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம். காதை மூடித் துணி கட்டிக்கொண்டு போகலாம். ஓய்வும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று யோசித்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, காயத்தில் வலி இருந்தால் மட்டும் முதலில் தன் உடம்பைக் காட்ட வேண்டும்.

பெயர் வைக்காத குழந்தையை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்குவோரும் உண்டு. சடங்கு பிறகு நடக்கட்டும். செல்லப் பெயர் ஒன்று போதும்.

பேசுவது எப்படி?

வருகை நேரமும் விதியும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பெற்றோர் எப்போது வரலாம், கங்காரு பராமரிப்பு எப்போது தொடங்கலாம் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கைவரை கை கழுவ வேண்டும்.

பெட்டியைத் தட்டக் கூடாது. அதன் மேல் பாட்டிலோ கைத்தொலைபேசியோ வைத்தால்கூட உள்ளே பெரும் சத்தமாகக் கேட்கும். பக்கத்துத் துவாரத்தை மெதுவாகத் திறந்து, அதன் அருகே முகத்தை வைத்து, தாழ்ந்த குரலில் பேசினால் போதும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். யாரோ திடீரென்று தொடுவதற்கும், பழகிய குரலுக்குப் பிறகு ஒரு கை வருவதற்கும் வேறுபாடு உண்டு.

30 வாரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒன்று போதும். பேசினால் பேச்சு மட்டும். தொட்டால் தொடுதல் மட்டும். தடவிக் கொடுப்பதைவிட, ஒரு கையைத் தலையிலும் மற்றொரு கையைப் பாதத்திலும் அசைக்காமல் வைப்பது அதற்கு இதமாக இருக்கும். வளர வளரக் குரலும் தொடுதலும் முகமும் சேரலாம்.

என்ன பேசுவது? எதையும் பேசலாம். வீட்டில் அக்கா என்ன செய்தாள், வழியில் மழை பெய்தது, இன்று என்ன குழம்பு என்பவை போதும். தாலாட்டு, தேவாரம், ஜெபம், துஆ, பழைய சினிமாப் பாட்டு எதுவானாலும் மெல்லிய குரலில் பாடலாம். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழில் பேசத் தயங்க வேண்டாம். தாதியர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். வயிற்றில் கேட்ட மொழியை வீட்டார்தான் கொண்டு வர முடியும்.

குழந்தையும் பதில் சொல்லும். கண் திறந்து அமைதியாக இருந்தால், முகம் தளர்ந்திருந்தால், கையை வாயருகே கொண்டு போனால் தொடரலாம். விரல்களை விரித்து நீட்டினால், அடிக்கடி கொட்டாவி, விக்கல், தும்மல் வந்தால், முகத்தைத் திருப்பினால், நிறம் மாறினால், திரையில் எண்கள் இறங்கினால் போதும் என்று பொருள். அப்போது பேச்சை நிறுத்திச் சற்றுச் சும்மா இருக்க வேண்டும். நிறுத்தத் தெரிவதும் பாசம்தான்.

ரத்தம் எடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் குழாயில் பால் கொடுக்கும்போதும் அருகில் இருக்கலாமா என்று கேட்க வேண்டும். குழந்தைக்குக் குரல் மிகவும் தேவைப்படும் நேரம் அது.

போக முடியாத நாளில்

வேலை, பயணச் செலவு, வீட்டில் மற்றப் பிள்ளைகள் என்று தினமும் போக முடியாத குடும்பங்கள் பல. அவர்கள் தாதியிடம் அனுமதி பெற்று, சில நிமிடக் குரல் பதிவைக் கேட்கவைக்கலாம். கைத்தொலைபேசியைத் தாங்களே பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. கிருமியும் வரும், ஒலியும் கூடிவிடும். காதில் மாட்டும் கருவி கூடவே கூடாது. தாய் நெஞ்சில் வைத்துக்கொண்ட சிறு துணியைக் குழந்தையின் அருகே வைக்கலாமா என்றும் கேட்கலாம்.

வாரத்தில் மூன்று நாள்தான் முடியும் என்றால் அந்த மூன்று நாளையும் நீண்ட நேரமாக்கிக்கொள்வது நல்லது. வராத நாளை நினைத்துக் குற்ற உணர்வில் உழல்வதால் யாருக்கும் பயனில்லை.

பாலும் குரலும்

தாய்ப்பால் விஷயத்தில் பினாங்குக்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு. 1991 பிப்ரவரி 14இல் உருவான தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டமைப்பான வாபாவின் செயலகம் பினாங்கில்தான் இருக்கிறது. பயனீட்டாளர் இயக்கத்தின் மூத்தவர் அன்வார் ஃபசால் அதன் நிறுவனர்களில் ஒருவர். ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் ஒருங்கிணைப்பது அந்த அமைப்பே.

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் உணவு மட்டுமல்ல. குடல் அழுகும் கொடிய நோயிலிருந்து காக்கும் மருந்தும் அதுவே. பிறந்த சில மணி நேரத்திலேயே பால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். முதலில் வரும் சீம்பால் சில சொட்டுதான் என்றாலும் அதை வீணாக்கக் கூடாது. குழந்தை குடிக்கும் வேளைக்கு ஏற்ப, இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் பால் வற்றாது. குழந்தையை நெஞ்சில் வைத்த பிறகோ, அதன் படத்தைப் பார்த்துக்கொண்டோ பீய்ச்சினால் பால் எளிதாக இறங்கும்.

அப்பாவின் பங்கும் சட்டமும்

2023 ஜனவரி 1 முதல், திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின்படி பேறுகால விடுமுறை 98 நாள். தகப்பனுக்குச் சம்பளத்துடன் 7 நாள் தொடர் விடுமுறை உண்டு. தகப்பன் அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். ஐந்து பிரசவம்வரை இது பொருந்தும். முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தாலும், குறைமாதப் பிரசவம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பிறந்தபின் கூடிய சீக்கிரம் தெரிவித்தால் போதும் என்று சட்டமே இடம் தருகிறது.

தாயின் விடுமுறை பிரசவத்துக்கு மறுநாளுக்குள் தொடங்கியாக வேண்டும். எனவே பிள்ளை 60 நாள் மருத்துவமனையில் இருந்தால், வீட்டில் பிள்ளையோடு இருக்க 38 நாள்தான் மிஞ்சும். ஆண்டு விடுமுறை, சம்பளமில்லா விடுமுறை பற்றி முதலாளியிடம் முதல் வாரத்திலேயே பேசிவைப்பது நல்லது.

பிள்ளை பெட்டியில் இருந்தாலும், தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தாமதப் பதிவின் அலைச்சல் சேரும்.

தாயின் மனம்

குறைமாதக் குழந்தையின் தாய்க்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளையைப் பார்த்தும் எந்த உணர்வும் வரவில்லை என்று சொல்லும் தாய் கல்நெஞ்சுக்காரி அல்லள். இழந்துவிடுவோமோ என்று பயந்து ஒதுங்கி நிற்பவள். பாசம் சிலருக்கு ஒரே நாளில் வரும். சிலருக்குப் பால் பீய்ச்சி, துணி மாற்றி, பேசிப் பேசித்தான் வரும். ஓயாத அழுகை, தூக்கமின்மை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும், தாலியான் காசே 15999 எண்ணிலும் உதவி கேட்கலாம். தகப்பன்மார்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்கு வந்த பிறகு

குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை அளக்கும்போது திருத்திய வயதைக் கணக்கிட வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்திக்கொண்டது. அதற்கு ஆறு மாதம் ஆகும்போது மூன்று மாதக் குழந்தை செய்வதையே எதிர்பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டியதில்லை. தடுப்பூசிக்கு மட்டும் பொதுவாகப் பிறந்த தேதிதான் கணக்கு.

32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கண் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். செவிப் பரிசோதனையும் அப்படியே. காது கேட்டால்தானே குரல் சேரும்? இந்தத் தேதிகளைத் தவறவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வரக் கூடாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் மாறுவார், தாதி வேளைக்கு வேளை மாறுவார். பெட்டியும் சில நாளில் மாறும். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாறாமல் அந்தக் குழந்தைக்கு இருக்கக்கூடியது அம்மா அப்பாவின் குரல் ஒன்றுதான். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம், கட்டணமும் இல்லை. கை கழுவிவிட்டு, துவாரத்தைத் திறந்து, "அம்மா வந்துட்டேன்டா" என்று சொன்னால் போதும்.